முதல் பறப்புக்கு விழா எதற்கு?

எங்கள் மாடல் விமானக் குழுவின் வாட்ஸ்அப்பில் போன செவ்வாய்க்கிழமை ஓர் அறிவிப்பு வந்தது. "சாரின் ஹரிக்கேன் போர் விமானம், முதல் பறப்பு விழா. காணும் பொங்கல் அன்று காலை 10.30. அனைவரும் குடும்பத்துடன் வருக." கீழே சிறப்பு விருந்தினர் பெயர். இரண்டு பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்களாம். வீடியோ உண்டு. மதியம் தக்காளி சாதமும் தயிர் சாதமும்.

அந்தச் "சார்" நான்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"விழா வேண்டாம், விமானம் தயாரானதும் நாங்கள் இரண்டு பேர் போய்ப் பறக்கவிட்டுக்கொள்கிறோம்" என்று பதில் போட்டேன். உடனே இருபது பதில்கள். "சாருக்குத் தன்னம்பிக்கை இல்லை." "வயசானா பயம் வரத்தான் செய்யும்." "பொம்மைக்கு இவ்வளவு பில்டப்பா?" கட்டைவிரலால் தட்டித் தட்டி எல்லோருக்கும் பதில் சொல்ல என்னால் ஆகாது. அதனால் இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைப் படிக்கும் நண்பர்களில் பாதிப் பேர் மில்லிலோ ஃபவுண்டரியிலோ ரயில்வேயிலோ இருந்து ஓய்வு பெற்றவர்கள். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

முதலில், இது பொம்மையா? ஹரிக்கேன் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம். 1944-ல் இம்பால் போரில் அர்ஜன் சிங் தலைமையில் நம் விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் ஓட்டியது இதைத்தான். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். அசலின் இறக்கை முனைக்கு முனை 40 அடி. நான் கட்டியது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 8 அடி. பால்சா மரம், பிளைவுட், மேலே துணி. மூக்கில் பெட்ரோல் இன்ஜின். மொத்த எடை 11 கிலோ. இரண்டரை வருட வேலை. வீட்டில் இவள் "ஏனுங்க, திண்ணையில உக்கார எடமே இல்லீங்களே" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

இந்த 11 கிலோ, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் மேல் மோதினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து 11 கிலோ கல்லை உருட்டிவிட்டால் தரையில் என்ன அடி விழுமோ அதே அடி. முன்னால் சுற்றிக்கொண்டிருக்கும் ப்ரொப்பெல்லரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைப் பொம்மை என்பவர் ஒரு முறை அந்தக் கல்லுக்குக் கீழே நின்று பார்க்கட்டும்.

சரி, தயார் செய்வது என்றால் என்ன? "எல்லாம் ஒட்டி, பெயின்ட் அடிச்சாச்சே, இன்னும் என்ன?" என்கிறார்கள். வேலையே அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

முதலாவது, எடை நிற்கும் இடம். இறக்கையின் முன் ஓரத்திலிருந்து அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு தள்ளி, அந்தப் புள்ளியில் தாங்கிப் பிடித்தால் விமானம் தராசு முள் மாதிரி நேராக நிற்க வேண்டும். மூக்கு கொஞ்சம் கனமாக இருந்தால் மந்தமாகப் பறக்கும், ஆனால் திரும்பி வந்துவிடும். வால் கனமாக இருந்தால் மேலே போகும், அதன்பின் நம் பேச்சைக் கேட்காது. ஹரிக்கேனுக்கு மூக்கு குட்டை. அதனால் இன்ஜின் பக்கத்தில் அரைக் கிலோவுக்கு மேல் ஈயம் வைக்க வேண்டியிருந்தது. ஒரு கிராம் குறைக்க ராத்திரியெல்லாம் மரத்தை இழைத்தவன், கடைசியில் கட்டி ஈயத்தை வாங்கி வைக்கிறேன். வயிறு எரிந்தது. ஆனாலும் வைத்தேன்.

இரண்டாவது, திசை. ரிமோட்டில் குச்சியை வலப்பக்கம் தள்ளினால், வலது இறக்கையின் பின் ஓரத்தில் உள்ள எய்லரான் பலகை மேலே எழ வேண்டும், இடது பக்கத்துப் பலகை கீழே போக வேண்டும். இது தலைகீழாக இருந்தால், விமானம் இடப்பக்கம் சாயும்போது நிமிர்த்துவதற்காக நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு அசைவும் அதை இன்னும் சாய்க்கும். யோசிக்க இரண்டு விநாடி கூடக் கிடைக்காது.

மூன்றாவது, ரேடியோ. ரிமோட்டின் சக்தியைக் குறைத்துவிட்டு முப்பது தப்படி தள்ளிப் போய், எல்லாப் பலகைகளும் ஒழுங்காக அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி ஒரு முறை, ஓடவிட்டு ஒரு முறை. போன ஞாயிறு இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தபோது வாலில் உள்ள எலிவேட்டர் பலகை தானாக நடுங்கியது. இன்ஜின் நின்றதும் நடுக்கமும் நின்றது. தேடினால், தீப்பொறிக்குப் போகும் ஒயர் ரிசீவருக்கு நாலு விரல் பக்கத்தில் போகிறது. அதைத் தள்ளி வைக்க ஒரு நாள் முழுக்கப் போயிற்று. இப்போது சொல்லுங்கள். இந்த நடுக்கத்தைக் காணும் பொங்கல் அன்று காலை 10.25-க்கு, முந்நூறு பேர் கை தட்டிக்கொண்டிருக்கும்போது கண்டுபிடித்திருந்தால், "எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இருந்திருக்குமா? இருந்திருக்காது. அதுதான் என் பயம். பறக்கவிடுவதற்கு நான் பயப்படவில்லை. நிறுத்த முடியாமல் போய்விடுமோ என்றுதான் பயப்படுகிறேன்.

இது அனுபவம் இல்லாதவர்களுக்கு மட்டும் வரும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 1935 அக்டோபர் 30. அமெரிக்காவில் போயிங் கம்பெனியின் நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானத்தை ராணுவத்துக்குப் பறந்து காட்டினார்கள். ஓட்டியவர் மேஜர் ஹில், தேர்ந்த விமானி. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க வால் பலகைக்குப் போடும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். ஏறியது, நின்றது, விழுந்தது. ஹில் இறந்தார். கூட இருந்த போயிங் விமானியும் பிறகு இறந்துபோனார். அதற்குப் பின்தான் விமானிகள் கையில் செக்லிஸ்ட் வந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 6 அன்று, இங்கிலாந்தில் அசல் ஹரிக்கேன் முதல் முறையாகப் பறந்தது.

இன்னொன்று. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக், 1947 ஆகஸ்ட் 23 அன்று தன் புதிய விமானத்தின் சோதனைப் பறப்பில் ஏறினார். பழுது பார்த்தபோது எய்லரான் கேபிள்களைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. எழும்பியதும் விழுந்தது. சாட்விக்கும் அதன் விமானியும் இறந்தார்கள். விமானத்தைப் படைத்தவரே உள்ளே உட்கார்ந்திருந்தார். அவருக்கே இந்தக் கதி என்றால், மில்லில் மெயின்டெனன்ஸ் பார்த்த நான் எந்த மூலைக்கு?

மில் என்றதும் ஞாபகம் வருகிறது. முப்பத்தாறு வருடத்தில், ஓவர்ஹால் முடிந்த ரிங் ஃபிரேமை முதலாளி முன்னால் முதல் தடவை ஓட்டிக் காட்டிய மேஸ்திரி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ராத்திரி ஷிப்ட்டில் நாங்கள் ரெண்டு பேர் ஓட்டிப் பார்ப்போம். சத்தம் கேட்போம், பேரிங்கைத் தொட்டுப் பார்ப்போம். காலையில் முதலாளி வரும்போது அது ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டும் வைப்போம், எலுமிச்சம்பழமும் வைப்போம். ஆனால் பொட்டு வைத்துவிட்டோம் என்பதற்காக நட்டை முடுக்காமல் விட்டதில்லை.

இனி, இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி விழா. எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். என் நண்பர், என்னைவிட நாலு வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், அவர் கட்டிய பெரிய விமானத்துக்கு அன்று முதல் பறப்பு. விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதம். வந்ததும், "எனக்கு அடுத்த புரோகிராம் இருக்கு, சீக்கிரம்" என்றார். மைக்கில் ஒருவர் "இதோ, இன்னும் சில நொடிகளில்" என்று கத்திக்கொண்டே இருந்தார். அண்ணா வேர்த்துக் கொட்டி நின்றார். ஒரே ரிமோட்டில் பல விமானங்களின் அமைப்பைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். எந்த விமானம் என்று திரையில் பெயர் காட்டும். நான் பக்கத்தில் நின்றேன். திரையில் இருந்தது அவருடைய பழைய விமானத்தின் பெயர். பார்த்தேன். "அண்ணாவுக்குத் தெரியாததா, இவ்வளவு பேர் முன்னால் கேட்டால் அசிங்கமாக இருக்குமே" என்று வாயை மூடிக்கொண்டேன்.

பழைய விமானத்தில் எய்லரான் திசை வேறு. விமானம் எழும்பியது, இடப்பக்கம் சாய்ந்தது. அவர் வலப்பக்கம் தள்ளினார். அது மேலும் சாய்ந்து, ஒரு கரணம் போட்டு, நிறுத்தி வைத்திருந்த பைக்குகள் மேல் விழுந்தது. அந்த பைக்குகளுக்கும் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும் நடுவில் பதினைந்து தப்படிகூட இல்லை. யாருக்கும் அடி படவில்லை. கடவுள் புண்ணியம் என்றார்கள். விருந்தினர் காரில் ஏறிப் போய்விட்டார்.

அண்ணா அதற்குப் பிறகு ரிமோட்டைத் தொடவில்லை. "கை நடுங்குதுப்பா, வயசாயிடுச்சு" என்று தன் மேலேயே பழி போட்டுக்கொண்டார். திரையைப் பார்த்தேன் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. போன வருடம் அவரும் போய்விட்டார். இனி யாரிடம் சொல்வது? அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அன்று தவறு செய்தது அண்ணாவா? என் கணக்கில் முதல் குற்றவாளி நான். இரண்டாவது குற்றவாளி அந்தக் கூட்டம். தேதியும் நேரமும் அச்சடித்து, பந்தல் போட்டு, ஒரு மனிதன் "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்ல முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினோமே, அது. காட்டுவதற்காக ஒரு காரியத்தைச் செய்தால், சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாம் பட்சமாகிவிடும்.

"அப்படியானால் இளைஞர்களுக்கு ஆர்வம் எப்படி வரும் சார்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்விதான். பிள்ளைகள் வரட்டும், நானும் ஆசைப்படுகிறேன். என் பேரனும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் பத்தாவது பறப்புக்கு வரட்டும். அவர்களுக்கு முதலும் பத்தும் ஒன்றுதான், வானத்தில் ஒரு ஹரிக்கேன். ஆர்வம் உள்ள பையன் முன்கூட்டியே என் திண்ணைக்கு வரட்டும். ஈயம் வைக்கும்போது தராசைப் பிடிக்கட்டும். அவனுக்கு அதுதான் பாடம். கை தட்ட மட்டும் வருகிறவனுக்கு யூடியூப் போதும்.

"அதிக ஜாக்கிரதை பார்த்தால் எதுவுமே பறக்காது" என்றும் ஒருவர். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கட்டி முடித்து, பயத்தில் கூரையில் தொங்கவிட்டவர்களை நானும் அறிவேன். நான் தொங்கவிட மாட்டேன். பறக்கவிடுவேன். நாள் குறிக்க மாட்டேன், அவ்வளவுதான்.

என் ஏற்பாடு இது. உடுமலைப் பக்கம் ஒரு தரிசு நிலம். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ரொம்பத் தள்ளி. வரைபடத்தில் அது அனுமதி உள்ள பச்சைப் பகுதிதானா என்பதைக் கிளம்பும் அன்றே இன்னொரு முறை பார்ப்பேன். விடிகாலை, காற்று எழும் முன். நானும் இன்னொரு தம்பியும் மட்டும். அவர் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார், நான் தொட்டுப் பார்த்து உரக்கப் பதில் சொல்வேன். முதல் கேள்வி: "திரையில் என்ன பெயர் இருக்கிறது?" சக்கரத்தை உள்ளே மடக்க மாட்டோம். ஐந்து நிமிடம், நாலு சுற்று, இறக்கம். ஃபோன் காரிலேயே இருக்கும். இரண்டு பேரில் யாராவது ஒருவர் "இன்னிக்கு வேண்டாம்" என்றால் திரும்பி வந்துவிடுவோம். ஏன் என்று மற்றவர் கேட்கக் கூடாது. வரும் வழியில் டீ சாப்பிடுவோம்.

குழுவில் உள்ள நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தக்காளி சாதத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை, காணும் பொங்கலுக்கு நானும் வருகிறேன், சாப்பிடுகிறேன். ஹரிக்கேன் மட்டும் அன்று திண்ணையில் இருக்கும். அது பறந்த பிறகு இதே பக்கத்தில் எழுதுகிறேன். விழுந்தாலும் எழுதுவேன்.