பெற்றவள் மேல் விழும் பழி

கை கால் குட்டையாக, நெற்றி புடைத்து, தலை சற்றுப் பெரிதாக ஒரு குழந்தை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் விசாரணை தொடங்கிவிடுகிறது. கூண்டில் நிறுத்தப்படுபவள் பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் தேறாதவள். கிரகணத்தன்று வெளியே வந்தாளா? கண்ட மாத்திரையை விழுங்கினாளா? அவள் வம்சத்தில் யாராவது இப்படி இருந்தார்களா? தாய்மாமனைக் கட்டியவள் என்றால் தீர்ப்புக்கு விசாரணையே வேண்டாம். 1989-இல் வந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்திலும் கர்ப்பிணிக்குப் புகட்டிய விஷம்தான் நாயகன் அப்புவைக் குள்ளனாக்கியது.

இவ்வளவும் பொய். பொய் என்று நிரூபணமாகி முப்பது வருடத்துக்கு மேலாகிறது.

குள்ளத்தன்மைக்குக் காரணங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் மிகப் பரவலானதும், மேலே சொன்ன தோற்றத்தைத் தருவதும் அகான்ட்ரோபிளேசியா. 1994-இல் அமெரிக்காவில் மரபியலாளர் ஜான் வாஸ்முத்தின் குழுவும், அதே வருடம் பிரான்சில் இன்னொரு குழுவும் அதன் காரணத்தை நான்காம் குரோமோசோமில் உள்ள எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணுவில் கண்டுபிடித்தன. குருத்தெலும்புச் செல்லின் மேல் அமர்ந்து வளர்ச்சிக் காரணிகளின் சேதியை வாங்கும் ஏற்பியை உண்டாக்குவது இந்த மரபணு. எலும்பு அளவு மீறி நீளாமல் பிடிக்கும் பிரேக் அந்த ஏற்பி. மரபணுவின் 1138-ஆவது எழுத்து மாறினால் புரதத்தின் 380-ஆவது இடத்தில் கிளைசின் போய் ஆர்ஜினின் வந்து உட்காருகிறது; போட்ட பிரேக் விடுவதில்லை. அகான்ட்ரோபிளேசியா உள்ளவர்களில் ஏறத்தாழ எல்லோரிடமும் இருப்பது இந்த ஒரே மாற்றம்தான்.

அவர்களில் ஐந்தில் நான்கு பேர் சராசரி உயரமுள்ள பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அதாவது, மாற்றம் அந்தக் குழந்தையில்தான் புதிதாகத் தோன்றியிருக்கிறது. யாரிடமிருந்து வந்தது? 1998-இல் வெளியான ஓர் ஆய்வு இப்படிப்பட்ட 40 பேரைச் சோதித்தது. நாற்பதிலும் மாற்றம் தகப்பன் வழி வந்தது. தாயின் கருமுட்டையில் ஒன்றுகூட இல்லை. தலைமுறை தலைமுறையாக நாம் கூண்டில் ஏற்றியது தவறான ஆளை.

அதற்காகத் தகப்பனை ஏற்றச் சொல்லவில்லை. விந்தணுக்களை உண்டாக்கும் செல்கள் ஆயுள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்கின்றன. இந்த மாற்றம் நேர்ந்த செல் பக்கத்துச் செல்களை முந்திப் பெருகுகிறது. தகப்பனின் வயதோடு இந்தக் குறைபாடு சற்றே கூடுவதை மரபியலாளர் லயனல் பென்ரோஸ் 1955-லேயே காட்டிவிட்டார். குடியோ, நடத்தையோ, முன்வினையோ இதில் சேராது. சொந்தத்தில் கட்டியதும் காரணமில்லை. தாய், தகப்பன் இரு பக்கமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் வரும் நோய்களுக்கு நெருங்கிய உறவு மணம் வழிவிடும். அதை நான் மறுக்கவில்லை. இதற்கோ ஒரு பிரதி மாறினாலே போதும்.

கிரகணக் கதை இன்னும் பிழைத்திருப்பதற்கு ஒரு காரணம் எனக்குத் தெரிகிறது. ஐந்தாம் மாத ஸ்கேனில் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். கை கால் குறுகுவது பொதுவாக ஆறு மாதத்துக்குப் பிறகுதான் தெரியும். “அஞ்சாம் மாசம் நல்லாத்தானே இருந்துச்சு, அப்புறம் இவ என்னமோ பண்ணிட்டா” என்று மாமியார் சொல்ல இது போதுமானதாகிவிடுகிறது. ஆனால் கரு தரித்த கணத்திலேயே அந்த எழுத்து மாறியிருந்தது. அதற்குப் பின் அவள் எதைத் தின்றாலும், எந்த நிழலில் நின்றாலும் அது மாறப்போவதில்லை.

பழி போடுவதில் மானம் மட்டும் போவதில்லை, குழந்தையின் உயிரும் ஆபத்தில் நிற்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் துளை குறுகலாக இருக்கும். அது தண்டுவடத்தை அழுத்தினால் தூக்கத்தில் மூச்சு நிற்கலாம். கைக்குழந்தைப் பருவத்தில் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு உட்கார வைக்கக் கூடாது. தலைச் சுற்றளவை அகான்ட்ரோபிளேசியாவுக்கென்றே உள்ள அட்டவணையில் பார்த்துவர வேண்டும். குறட்டையை அலட்சியப்படுத்தாமல் சோதிக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டிய மாதங்களில்தான் குடும்பம் பரிகாரம் தேடி அலைகிறது, தாய் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள்.

மருத்துவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. “ஜெனடிக் பிராப்ளம்” என்று இரண்டு சொல்லில் முடித்து அனுப்பினால், வீட்டுக்குப் போகும் வழியிலேயே அது “அவ பரம்பரைக் கோளாறு” ஆகிவிடுகிறது. கணவனையும் அவன் பெற்றோரையும் எதிரில் உட்கார வைத்து, இது புதிதாக நேர்ந்த மாற்றம், தாயால் வந்ததல்ல, அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதையே மருத்துவச் சீட்டில் தமிழில் எழுதியும் கொடுங்கள்.