கப்பலில் ஆடினால் என்ன குறைந்துவிடும்?



இது நீளமான பதிவு. காபி கலந்துகொண்டு உட்காருங்கள். படிக்காமலே கும்பிடு போடுகிறவர்கள் இப்போதே போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

நான்கு நாளாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே பஞ்சாயத்து. குழுவில் இல்லாத மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் ஒன்றுவிட்ட தங்கையின் பேத்தி கனடாவில் வளர்ந்தவள். வயது 21. ஆறு வயதிலிருந்து ஐஸ் தரையில் ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடுகிறாள். அவள் பதக்கம் வாங்கிய ஒவ்வொரு தடவையும் குழுவில் பூங்கொத்து, கைதட்டல், "நம்ம ரத்தம்" என்ற பெருமை எல்லாம் வந்தன. இப்போது அவளை ஒரு உல்லாசக் கப்பலில் ஆட அழைத்திருக்கிறார்கள். கப்பலுக்குள்ளேயே ஐஸ் தளம் உண்டு. 1999-ல் 'வாயேஜர் ஆஃப் த சீஸ்' கப்பலில் ஆரம்பித்த வழக்கம் அது. சம்பளம், சாப்பாடு, தங்க இடம், சில மாத ஒப்பந்தம். பெண்ணுக்கு ஆசை. பெற்றோருக்குக் குழப்பம். அவர்கள் குழுவில் யோசனை கேட்டார்கள். கேட்டிருக்கக் கூடாது.

"மெடலுக்கு ஆடினா பெருமை, சம்பளத்துக்கு ஆடினா கூத்து" என்று ஒரு பதில் வந்தது. எழுதியவர் எனக்குத் தம்பி முறை. அதற்குக் கீழே பதினோரு கட்டைவிரல். அந்தப் பதினொன்றில் இரண்டு பேர் என்னிடம் வரலாறு படித்தவர்கள். எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

தம்பி, முதலில் அந்த விளையாட்டு என்னவென்று தெரிந்துகொள். ஃபிகர் என்ற பெயரே ஐஸ் மேல் காலில் கட்டிய கத்தியால் வளையம் போடுவதிலிருந்து வந்தது. எட்டு போல ஒரு வடிவம் போட்டு, அதே கோட்டின் மேல் மறுபடியும் மறுபடியும் போக வேண்டும். நடுவர்கள் குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மார்கழியில் உன் அம்மா வாசலில் சிக்குக் கோலம் போட்டதை நினைத்துக்கொள். அதை ஒற்றைக் காலில் சறுக்கிக்கொண்டே போட வேண்டும். அதில் பெரிய ஆள் ஆஸ்திரியாவின் டிரிக்ஸி ஷூபா. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் அந்த வளையங்களின் பலத்தில் தங்கம் வாங்கினார். அதே போட்டியில் இசைக்கு ஆடும் பகுதியில் அரங்கத்தையே தன் பக்கம் இழுத்தவர் அமெரிக்காவின் ஜேனட் லின். ஆடும்போது விழுந்தார், சிரித்துக்கொண்டே எழுந்தார். கிடைத்தது வெண்கலம். ஆனால் 1973-ல் 'ஐஸ் ஃபாலீஸ்' என்ற ஷோ குழு அவருக்கு மூன்று வருடத்துக்குப் பதினான்கு லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே அதிகம் சம்பாதித்த விளையாட்டு வீராங்கனை அந்த வெண்கலப் பெண்தான். நடுவருக்கு ஒரு கண், டிக்கெட் வாங்கி வந்தவருக்கு ஒரு கண். இரண்டும் கண்தான். வளையம் போடும் பகுதியை 1990-க்குப் பிறகு உலகப் போட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, பணம் வாங்கினால் தரம் குறையும் என்ற எண்ணம். இது நம் பாட்டன் பூட்டன் சொன்னது இல்லை. சம்பாதிக்க வேண்டிய கவலையே இல்லாத ஐரோப்பியக் கனவான்கள் தங்கள் வசதிக்கு ஏற்படுத்திய விதி. பணம் வாங்காதவன் அமெச்சூர், அவனுக்கு ஒலிம்பிக் கதவு திறக்கும். பணம் வாங்கியவன் தொழில்முறைக்காரன், அவன் வெளியே நிற்க வேண்டும். 1947-ல் உலக சாம்பியன் ஆன கனடாப் பெண் பார்பரா ஆன் ஸ்காட்டுக்கு, அவர் ஊரான ஒட்டாவா ஒரு ப்யூக் காரைப் பரிசாகக் கொடுத்தது. கார் வாங்கினால் அமெச்சூர் இல்லை என்று ஆட்சேபம் வந்தது. ஆட்சேபித்தவர் ஏவரி பிரண்டேஜ், சிகாகோவில் கட்டட ஒப்பந்தத்தில் பெரும் பணக்காரர் ஆனவர், பிறகு ஒலிம்பிக் கமிட்டிக்கே தலைவராக இருபது வருடம் இருந்தவர். அந்தப் பெண் காரைத் திருப்பிக் கொடுத்தார். 1948-ல் தங்கம் வாங்கினார். பிறகு கார் வந்தது, ஷோ ஒப்பந்தமும் வந்தது. கோடீஸ்வரர் ஒருவர், ஓர் இளம்பெண்ணிடம் 'உன் கையில் காசு இருந்தால் உன் ஆட்டம் அசுத்தம்' என்கிறார். என் வகுப்பில் இதைப் பாடமாக நடத்தியிருந்தால் கடைசி பெஞ்ச் சிரித்திருக்கும்.

நார்வேயின் சோன்யா ஹேனியையும் சொல்ல வேண்டும். 1928, 1932, 1936 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம். தொடர்ந்து பத்து உலகப் பட்டம். 1936-ல் போட்டியை விட்டு ஹாலிவுட்டுக்கும் ஷோவுக்கும் போனார், பெரும் பணக்காரி ஆனார். அவர் ஒன்றும் உத்தமி இல்லை. ஹிட்லர் முன்னால் கை தூக்கி வணங்கியதை அவர் நாட்டுக்காரர்கள் மறக்கவே இல்லை. ஆனால் அவர்மேல் குறை சொல்ல அதுதான் காரணம், டிக்கெட் விற்று ஆடினார் என்பது இல்லை. அந்தப் பணத்தில் ஓஸ்லோ பக்கத்தில் அவரும் கணவரும் நிறுவிய ஓவியக்கூடம் இன்றும் நடக்கிறது.

சரி, வெளிநாட்டுக் கதை போதும், நம் ஊருக்கு வருகிறேன். 'கூத்து' என்ற சொல்லை வசவாக எழுதுகிறாயே, தம்பி, நீ பிறந்தது பிள்ளையார்பாளையத்தில். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் கலைஞர்களின் சங்கம் 1990-லிருந்து இருக்கிறது. கட்டை கட்டி, முகத்தில் வண்ணம் பூசி, ராத்திரி முழுக்க நின்று பாடி ஆடுகிறவர்கள் அவர்கள். கூலி வாங்கித்தான் ஆடுகிறார்கள். விடிகாலையில் துரியோதனன் விழும்போது கிராமமே அழுகிறது. அதில் என்ன குறைச்சல்?

இன்னொன்றும் இதே ஊரில் நடந்தது. 1925-ல் இங்கே ஓர் அம்மன் கோயிலில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் அரங்கேற்றம். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி. பின்னாளில் அவருக்கு நட்டுவாங்கம் செய்த எல்லப்ப பிள்ளையும் நம்மூர்க்காரர். அவர் பிறந்த குலத்தில் ஆட்டமும் பாட்டும்தான் தொழில், ஆடினால்தான் சோறு. அவர் வளர்ந்து வந்த காலத்தில் என்ன நடந்தது? பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்த 1947 சட்டம் தேவையான சட்டம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் சட்டம் ஒழித்தது ஒன்று, ஊர் வாய் ஒழித்தது வேறொன்று. பணம் வாங்கி ஆடுகிறவள் என்றாலே ஒரு மாதிரி என்ற பேச்சு, தலைமுறை தலைமுறையாக ஆடத் தெரிந்த எத்தனையோ பெண்களை வீட்டுக்குள் உட்கார வைத்தது. பாலசரஸ்வதி விடாப்பிடியாக ஆடினார். 1962-ல் அமெரிக்காவில் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவில் ஆடினார், அடுத்த வருடம் எடின்பரோவில் ஆடினார். வெளியூர்க்காரன் எழுந்து நின்று கைதட்டிய பிறகு நமக்குக் கண் திறந்தது.

இன்று அதே நாட்டியத்துக்கு நாம் என்ன செய்கிறோம்? மண்டபம், பந்தி, போட்டோ, பட்டுப்புடவை என்று பெற்றோர் லட்சக்கணக்கில் செலவழித்து அரங்கேற்றம் வைக்கிறோம். அடுத்த மாதமே சலங்கை பரணுக்குப் போய்விடுகிறது. கைக்காசைக் கரைத்து ஆடினால் கலை, கைக்குக் காசு வந்தால் கூத்து. இது எந்த ஊர்க் கணக்கு? தேசிய விருது வாங்கிய நெசவாளியிடம் போய் 'விருது வாங்கிவிட்டாய், இனி விற்பனைக்குக் கோர்வைப் புடவை நெய்யாதே, அசிங்கம்' என்று சொல்வாயா? சொன்னால் தறியில் இருக்கிற நாடாவாலேயே அடிப்பார்கள்.

மறுபடியும் ஐஸுக்குப் போகிறேன், ஏனென்றால் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது. பெயர் சூர்யா. ஆமாம், நம் சூர்யாதான், சூர்யா போனலி. பிரான்சில் பிறந்த கறுப்பினப் பெண். தத்தெடுத்து வளர்த்த தாய் உடற்பயிற்சி ஆசிரியை. (எங்கள் ஜாதி!) ஐரோப்பிய சாம்பியன் ஐந்து முறை. உலகப் போட்டியில் தொடர்ந்து மூன்று வருடம் வெள்ளி. 1994-ல் ஜப்பானில் மயிரிழையில் தங்கம் தவறியபோது பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டார். அவர் உடல்வாகும் பலமும் நடுவர்கள் மனத்தில் இருந்த 'ஐஸ் இளவரசி' படத்துக்கு ஒத்துவரவில்லை என்று பலரும் எழுதியிருக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். 1998 நாகானோ ஒலிம்பிக்கில், காயத்தோடு, பதக்க வாய்ப்பு இல்லை என்று தெரிந்ததும், பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். போட்டியில் தடை செய்யப்பட்ட வித்தை அது. மதிப்பெண் வெட்டினார்கள். பத்தாவது இடம். நடுவர்களுக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து வணங்கினார்.

அதற்குப் பிறகு அவர் எங்கே போனார்? ஷோவுக்கு. 'சாம்பியன்ஸ் ஆன் ஐஸ்' குழுவோடு பல வருடம் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். போட்டியில் குற்றமாக இருந்த அதே குட்டிக்கரணத்துக்காகத்தான் ஜனங்கள் அவரைப் பார்க்க வந்தார்கள். 2024-ல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. கால் நூற்றாண்டு கழித்து! அதுவரை அந்த வித்தைக்கு இடம் கொடுத்தது நீங்கள் கேவலமாகப் பேசும் டிக்கெட் மேடைதான்.

இன்றைய உதாரணம் வேண்டுமா? ஜப்பானின் யூசுரு ஹன்யூ. 2014, 2018 இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம். 2022-ல் தொழில்முறைக்கு மாறினார். அடுத்த பிப்ரவரியில் டோக்கியோ டோமில் தனி ஆளாக ஆடியபோது சுமார் 35,000 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். விழுந்துவிட்டார் என்று ஜப்பானில் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை.

இந்தியாவுக்காக ஆடும் தாரா பிரசாத், தமிழ்நாட்டிலிருந்து போன பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். குடியுரிமையை மாற்றிக்கொண்டு இந்தியாவின் தேசிய சாம்பியன் ஆனார். 2025-ல் ரெய்க்யாவிக்கில் வெள்ளி வாங்கினார். இங்கே குழுவில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அதே வருடம் நம் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் சக்கர ஸ்கேட்டிங்கில் உலக சாம்பியன் ஆனதை மட்டும் எல்லோரும் பகிர்ந்தீர்கள். நல்லது. ஆனால் மாலையில் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்துகிறவர்களும் நீங்கள்தான். சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, போதும், அவ்வளவுதானே?

நான் கண்ணை மூடிக்கொண்டு 'போ' என்று சொல்லவில்லை. ஷோ வாழ்க்கை மெத்தை இல்லை. குழுக்கள் திவாலாகும். ஒரு காலத்தில் பெரிய பெயரான 'ஐஸ் கேப்பேட்ஸ்' படுத்துப்போனது. 1976 தங்கம் வாங்கிய டாரதி ஹாமில் அதை விலைக்கு வாங்கியும் நிமிர்த்த முடியவில்லை. 1984 தங்கம் வாங்கிய ஸ்காட் ஹாமில்டனையே அந்தக் குழு ஒரு கட்டத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டது. அவர் சும்மா உட்காரவில்லை, 1986-ல் 'ஸ்டார்ஸ் ஆன் ஐஸ்' தொடங்கினார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. ஆடுகிற கப்பலில், சின்னத் தளத்தில், தினமும் குதிக்கும் முழங்கால் என்ன ஆகும் என்பது நியாயமான கேள்வி. அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, பாதியில் இறங்கினால் திரும்பும் டிக்கெட் யார் எடுப்பது, கல்லூரி இடம் அவளுக்காகக் காத்திருக்குமா? பதினோரு கட்டைவிரலில் ஒன்றாவது இதைக் கேட்டதா? நான் கேட்டேன். குழந்தை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, மூன்றுக்கும் பதில் சொன்னாள். ஒன்றுக்கு மட்டும் பதில் திருப்தியாக இல்லை. அதைத் திருத்தித் தரச் சொல்லி கம்பெனிக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பதினைந்து வருடம் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து குளிரில் நின்றவள் அவள். தளத்துக்கு, கோச்சுக்கு, காலணிக்கு என்று அவள் அப்பா இரண்டு வேலை பார்த்தார். அப்போது யாரும் ஒரு டாலர் அனுப்பவில்லை, கைதட்டும் பொம்மைதான் அனுப்பினீர்கள். முதல்முறையாக அந்த வித்தைக்கு அவளுக்கு யாரோ சம்பளம் தருகிறேன் என்கிறார்கள். அவள் பாட்டியிடம் போன் செய்து அழுதது கப்பலை நினைத்து இல்லை, தம்பி. உன் ஒரு வரியை நினைத்து.

அந்த வரியை நீ அழித்துவிடு. குழுவில் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவளுக்கு ஒரு போன் போடு. அங்கே இரவு நேரம் பார்த்துப் போடு, பகலில் பயிற்சியில் இருப்பாள்.

கையெழுத்துப் போட அவளுக்கு வரும் வெள்ளிவரை நேரம் இருக்கிறது. வைகாசி கருட சேவைக்கு வரதர் கோயிலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அது இந்த வருடம் நடக்காது போலிருக்கிறது. பரவாயில்லை, பெருமாள் எங்கும் போய்விட மாட்டார். மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் இங்கேயே கீழே எழுதுங்கள், பிள்ளையின் பெற்றோருக்கு அனுப்பாதீர்கள். மதியம் இரண்டிலிருந்து நான்குவரை தூங்குவேன், அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் பதில் தருகிறேன்.

உங்கள் டீச்சர்