அடுப்புப் புகையும் தொழிலாளர் பிரச்சினையே!

ஒரு காலத்தில் ரப்பர் மரமும் பன்றிப் பண்ணையுமாக இருந்த கிராமம் பொங்கோல். 1990-க்குள் பண்ணைகள் மூடப்பட்டன. 2010-ல் அதே ஊர் சிங்கப்பூரின் முதல் சுற்றுச்சூழல் நகரமாக்கப்பட்டது. அடுக்குமாடிக் கூரைகளில் சூரிய ஒளித் தகடுகள். அந்த மின்சாரம் மின்தூக்கிக்கும் பொது விளக்குக்கும் உதவுகிறது. வீடுகளில் விறகுப் புகையே இல்லை. வரவேற்கிறோம்!

ஆனால், இலங்கை மலையக லயன்களில் இன்றும் விறகுதான் பெரிதும் எரிகிறது. நாளெல்லாம் கொழுந்து பறித்த பெண், விறகுக் கட்டையும் சுமக்கிறாள், புகையையும் குடிக்கிறாள். இத்தகைய வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

அடுப்பை இனாமாகக் கொடுத்தால் போதுமா? இந்தியாவில் 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு தந்தது. காலி சிலிண்டரை மறுபடி வாங்கக் காசில்லாத பலர் விறகை விடவில்லை. ஆகவே, அடுப்புப் பேச்சு கூலிப் பேச்சே!

தோட்ட வீட்டுக்குத் தண்ணீரும் கூரையும் கேட்பதுபோல், புகையில்லா அடுப்பையும் சூரியத் தகட்டையும் கோரிக்கையில் சேர்ப்போம். எரிபொருள் செலவையும் கணக்கிட்டே கூலி கேட்போம். பொங்கோல் கூரைக்கு எட்டிய வெயில், தோட்டத்து லயத்துக்கும் எட்டட்டும்!