விளக்கும் திரியும்

நம் வீட்டுக் குத்துவிளக்கில் தினந்தோறும் எண்ணெய் மாறுகிறது, திரியும் மாறுகிறது. ஆயினும் அதைப் பாட்டி காலத்து விளக்கென்றே சொல்லி வருகிறோம். திரியை எடுத்துவிட்டு மின்சார பல்பைப் பொருத்தினால், அப்போதும் அவ்விதம் சொல்லலாமா? கொரியா தேசத்தில் ஒரு சிற்பத்தைக் குறித்து ஏறக்குறைய இதே கேள்விதான் எழுந்தது.

அதை அமைத்த சிற்பி நாம்ஜூன் பைக். 1932-ல் ஸியோல் நகரில் பிறந்து, ஜப்பானிலும் ஜெர்மனியிலும் கல்வி பயின்று, 1964-ல் நியூயார்க் சென்று குடியேறியவர். கல்லையும் வெண்கலத்தையும் விடுத்து டெலிவிஷன் பெட்டியையே தம் சிற்பத்துக்குரிய பொருளாகக் கொண்டார். பழைய டெலிவிஷன் பெட்டியினுள் ஒரு பெரிய கண்ணாடிக் குழாய் உண்டு. பின்னாலிருந்து பாயும் எலெக்ட்ரான் கற்றை, முன்புறக் கண்ணாடியில் பூசிய ரசாயனத்தைத் தாக்கும்போது ஒளி பிறக்கிறது. 1965-ல் பைக் அத்தகைய பெட்டி ஒன்றின் தலைமீது காந்தத்தை வைத்தார். கற்றை வளைந்தது, படம் போய் ஒளிக்கோலம் வந்தது! 1974-ல் புத்தர் சிலையொன்றை டெலிவிஷனுக்கு எதிரே அமர்த்தினார். காமிராவின் உதவியால் புத்தர் தம் உருவத்தையே ஓயாது நோக்கியிருக்கலானார்.

1988-ல், ஸியோலுக்கு அருகே குவாச்சன் நகரிலுள்ள தேசீயக் கலைக் காட்சிசாலையில், 1,003 டெலிவிஷன் பெட்டிகளை அடுக்கிப் பதினெட்டு மீட்டருக்கு மேற்பட்ட கோபுரம் ஒன்றை எழுப்பினார். கொரியா மக்கள் தங்கள் தேசம் பிறந்த நாளாகக் கொண்டாடும் தினம் பத்தாம் மாதம் மூன்றாம் தேதி. கணக்கின் ரகசியம் அதுவே.

2006-ல் பைக் காலமானார். 2018-ல் கோபுரமும் இருண்டது. குழாய்கள் தேய்ந்துவிட்டன, அவற்றைச் செய்யும் தொழிலே அநேகமாக மறைந்துவிட்டது. எல்லாவற்றையும் புதிய தட்டைத் திரைகளாக மாற்றிவிடலாமா, அல்லது கோபுரத்தைப் பிரித்துவிடலாமா என்று யோசனைகள் பல பிறந்தன. முடிவில் 737 பெட்டிகளைப் பழைய குழாய்களுடனேயே சீர்ப்படுத்தினர். உச்சியிலிருந்த 266 சிறு பெட்டிகளுக்கு மட்டும் தட்டைத் திரைகளை வைத்தனர். 2022-ல் கோபுரம் மீண்டும் ஒளிர்ந்தது. அதன் ஆயுளைக் கருதி, குறிப்பிட்ட சில மணி நேரமே எரிய விடுகிறார்கள்.

இதை அரைகுறை வேலையென்று சிலர் கருதலாம். நமக்கு அவ்விதம் தோன்றவில்லை. தட்டைத் திரையிலும் அதே படம் தெரியும், வாஸ்தவமே. ஆனால் புடைத்த கண்ணாடியும் அதன் பின்னிருந்து வரும் ஒளியும் சிற்பத்தின் உடலல்லவா? உடலையே முற்றிலும் மாற்றிவிட்டுச் சிற்பத்தைக் காப்பாற்றினோம் என்பதில் அர்த்தமில்லை. பழையது சிறிதும் மாறலாகாதென்று பிடிவாதம் பிடித்து, இருண்ட கோபுரத்தைக் காவல் காப்பதிலும் அர்த்தமில்லை. இயன்ற மட்டும் பழைய திரி, இயலாத இடத்தில் புதியது என்பதே விவேகம்.

பைக் இதை முன்பே உணர்ந்திருந்தாரோ, என்னவோ! 1975-ல் அவர் ஒரு டெலிவிஷன் பெட்டியின் உட்பாகங்களையெல்லாம் அகற்றிவிட்டு, உள்ளே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தார். அந்தச் சிற்பத்துக்கு மட்டும் உதிரிப் பாகம் அகப்படவில்லையே என்ற கவலை என்றும் வராது.