ஜனவரி 26-ன் கணக்கு

ஆகஸ்ட் 15 மவுண்ட்பேட்டன் தேர்ந்தெடுத்த தேதி. 1945-ல் ஜப்பான் சரணடைந்ததாக அறிவித்த நாள் அது. நம்ம தலைவர்கள் குறித்த நாள் வேறு. 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யம்தான் இலக்கு என்றது. 1930 ஜனவரி 26-ல் நாடெங்கும் மக்கள் கூடி உறுதிமொழி எடுத்தார்கள். 1947 வரை அதுதான் சுதந்திர தினம். அந்தத் தேதி மறந்துவிடக் கூடாதென்றே 1950-ல் அரசியலமைப்பை அன்றைக்கு நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த உறுதிமொழியைப் படிச்சுப் பாருங்க. உரிமையைச் சொன்ன கையோடு கணக்குக்கு வந்துவிடுகிறது. வரியில் 20 சதவீதம் விவசாயி கட்டும் நிலவரி, 3 சதவீதம் உப்பு வரி. கைநூற்பு மாதிரி கிராமத் தொழில்கள் அழிந்ததால் குடியானவனுக்கு வருஷத்தில் நாலு மாசமாவது வேலையில்லை.

வங்கியில் பயிர்க்கடன் மனுக்களைப் பார்த்தவன் நான். வாங்கிய கடன் விதை, உரம், மருந்து என்று அப்படியே கடைக்குப் போய்விடும். விதைக்கே கடைவாசலில் நிற்கிறவனுக்கு என்ன சுயராஜ்யம்?

ஜனவரி 26-ல் கிராம சபை கூடும். மிட்டாய் வாங்கிட்டுத் திரும்பிடாதீங்க. ஊருக்கொரு விதை வங்கி வேணும்னு தீர்மானம் போடுங்க.