அயர்லாந்துக் கோட்டைக்கு டாலர், ஐயா வீட்டுக்குப் பூட்டா?

அயர்லாந்தின் ஆஷ்ஃபோர்ட் கோட்டையில் தங்கி இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறீர்கள். 1228-இல் எழுந்த கோட்டை, 1939 முதல் ஹோட்டல். தாராளமாகத் தங்குங்கள். ஆனால் "நம்ம ஊர்ல இப்படி எதுவும் இல்லையே" என்று மட்டும் எழுதாதீர்கள்.

ராஜஸ்தானின் நீம்ரானா கோட்டை 1464-இல் கட்டியது. பாழடைந்து கிடந்ததை 1986-இல் வாங்கிச் செப்பனிட்டு, 1991-இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். செட்டிநாட்டில், கானாடுகாத்தானில் ஒரு தந்தை மகளுக்காகக் கட்டிய வீடுதான் இன்றைய 'விசாலம்' ஹோட்டல். விருந்தாளி வருவதால் அந்தக் கூரை ஒழுகாமல் நிற்கிறது.

பக்கத்து வீடுகளைப் பாருங்கள். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில், சிலர் இங்கே டெக்சாஸில். பராமரிக்க ஆளில்லை. கடைசியில் பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. "ஐயா வீட்டை லாட்ஜ் ஆக்குவதா, மானம் போய்விடும்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி: தூணைப் பெயர்த்து விற்றால் மானம் போகாதா?

நாளை உங்களில் சிலருக்கும் பவர் பத்திரம் தபாலில் வரும். கையெழுத்துப் போடுமுன் அப்பாவிடம் கேளுங்கள்: விற்காமல், ஹோட்டல் நடத்துபவருக்குக் குத்தகைக்கு விட்டால் என்ன?