விருதுகள் வந்தன, நிதி வறண்டது: அர்ஜென்டினா சினிமாவின் 2024

புவெனஸ் அயர்ஸ்: வெளிநாட்டு விழாக்களை மட்டும் வைத்துப் பார்த்தால், 2024 அர்ஜென்டினா சினிமாவுக்கு நல்ல ஆண்டு. கான் விழாவின் விமர்சகர்கள் வாரப் பிரிவில் ஃபெடரிகோ லூயிஸின் முதல் முழுநீளப் படமான 'சிமோன் டி லா மொன்டானியா' முதன்மைப் பரிசை வென்றது. லூயிஸ் ஓர்டேகாவின் 'எல் ஜாக்கி' வெனிஸ் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. ஆஸ்கருக்கு அந்நாடு அனுப்பிய படமும் அதுவே.

உள்நாட்டு நிலவரம் இதற்கு நேர்மாறானது. 2023 டிசம்பரில் அதிபராகப் பொறுப்பேற்ற ஹேவியர் மிலேய் அரசு, தேசியத் திரைப்பட நிறுவனமான இன்கா மீது கைவைத்தது. ஒப்பந்தங்கள் ரத்தாகின, செலவுகள் வெட்டப்பட்டன, புதிய படங்களுக்கான உதவி முடங்கியது. மார்ச் மாதம் கௌமோன்ட் திரையரங்கின் முன் திரண்ட கலைஞர்களைக் காவல்துறை கலைத்தது.

குழந்தைகள் பசியில் வாடும்போது திரைப்பட விழாக்களுக்குப் பணம் எதற்கு என்பது அரசின் வாதம். 2023-ல் 211 சதவீதப் பணவீக்கத்தைச் சந்தித்த மக்களிடம் இந்தக் கேள்வி எடுபடுவதில் வியப்பில்லை. சில படங்களுக்குப் பார்வையாளர்கள் மிகக் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு விவரம் இந்த வாதத்தில் மறைந்துவிடுகிறது. இன்காவின் நிதி பெரும்பாலும் பொதுக் கருவூலத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10 சதவீதம், ஒளிபரப்பு நிறுவனங்கள் செலுத்தும் வரியில் ஒரு பங்கு ஆகியவையே அதன் ஆதாரம். அதாவது, ஹாலிவுட் படத்துக்குக் கூட்டம் கூடினால் உள்ளூர் இயக்குநருக்கும் பணம் சேரும். 2024-ல் அந்நாட்டில் அதிகம் பேர் பார்த்த படம் 'இன்சைட் அவுட் 2'. அந்த டிக்கெட்டுகளிலும் பங்கு வசூலானது, படங்கள்தான் தொடங்கவில்லை.

நவம்பரில் மார் டெல் பிளாட்டா விழாவிலும் பிளவு வெளிப்பட்டது. நமது கோவா விழாவைப் போலவே சர்வதேசப் போட்டி அங்கீகாரம் பெற்ற விழா அது. அதே நாள்களில், அதே ஊரில், திரைப்படக் கலைஞர்கள் 'கான்ட்ராகாம்போ' என்ற பெயரில் மாற்றுத் திரையிடலை நடத்தினர்.

ஒரு படம் எழுத்திலிருந்து திரைக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள் பிடிக்கும். எனவே 2024-ல் பரிசு பெற்றவை பழைய ஏற்பாட்டில் விளைந்தவை. வெட்டின் விளைவு பின்னரே திரையில் தெரியும். ஓடிடி நிறுவனங்கள் அந்த இடைவெளியை நிரப்பும் என்போர், ரிக்கார்டோ டாரின் நடிக்க நெட்ஃபிளிக்ஸ் தயாரித்த 'எல் எடர்னவுட்டா' தொடரைச் சுட்டுகின்றனர். டாரின் போன்ற நட்சத்திரத்துக்கு முதலீட்டாளர் கிடைப்பார். முதல் படத்துக்கான கதையோடு காத்திருக்கும் இளம் இயக்குநர் தட்டுவதற்கு இருந்த கதவு இன்காதான்.